பல நாட்டவர் மோதும் டிவி வினாடி வினா: விண்ணப்பம் முதல் கடைசிக் கேள்வி வரை முழு வழிகாட்டி

வெளிநாட்டுப் போட்டியாளர்களோடு ஒரே மேடையில் நிற்கும் வாய்ப்பு வந்ததும் புதியவர்கள் பலர் செய்கிற முதல் காரியம், தடிமனான பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்குவது. அங்கேயே வரிசை தப்பிவிடுகிறது. நான் கூட இருந்து தயார் செய்தவர்களில் தோற்றுத் திரும்பிய பலருக்கும் விடை தெரிந்தே இருந்தது. அந்த நிகழ்ச்சி ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில், அது கொடுக்கும் நொடிகளுக்குள், அந்த விடை வாயில் வரவில்லை.

அதனால் இங்கே விதிகள் முதலில் வருகின்றன, படிப்பு பிறகு வருகிறது. வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிகழ்ச்சியின் விதிகள் எழுத்து வடிவில். முழுசாகப் பார்க்கக் கிடைக்கும் பழைய எபிசோடுகள் குறைந்தது பத்து. பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். ஒரு நோட்டு. வாரத்தில் இரண்டு நாள் உங்களுக்குக் கேள்வி வாசிக்கச் சம்மதிக்கும் ஒரு ஆள்.

இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். தானே படித்துத் தானே விடை சொல்லிக்கொள்கிறவர், இன்னொருவர் குரலில் கேள்வி வரும்போது தடுமாறுவார்.

1. விதிகளை முதலில் கரைத்துக் குடியுங்கள்

வினாடி வினா எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். அமெரிக்க ‘ஜெப்பர்டி’யில் விடையைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டும் (‘சிகாகோ’ என்றல்ல, ‘சிகாகோ என்பது எது?’ என்று). முதல் சுற்றில் மறந்தால் தொகுப்பாளர் நினைவூட்டுவார். இரண்டாம் சுற்றில் மறந்தால் சரியான விடையும் தவறுதான்.

பிரிட்டனின் ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ நிகழ்ச்சியில் தொடக்கக் கேள்விக்கு 10 புள்ளி. கேள்வி முடியும் முன் பஸ்ஸரை, அதாவது விடை சொல்ல முந்தி அழுத்தும் பொத்தானை, அழுத்தித் தவறாகச் சொன்னால் 5 புள்ளி போகும். தொடக்கக் கேள்வியில் அணியினர் கலந்து பேசக் கூடாது. அதைத் தொடரும் போனஸ் கேள்விகளில் பேசலாம்.

பிரிட்டனின் ‘மாஸ்டர்மைண்ட்’ வேறு மாதிரி. ஒருவர் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் விடை சொல்ல வேண்டும். தவறான விடை சொன்னால் தொகுப்பாளர் அங்கேயே சரியான விடையைச் சொல்வார், உங்கள் நேரம் கரையும். ‘பாஸ்’ என்றால் அடுத்த கேள்வி உடனே வரும். ஆனால் புள்ளிகள் சமமானால் குறைவாக பாஸ் சொன்னவரே வெல்வார். எப்போது ஊகிப்பது, எப்போது பாஸ் சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அதை யோசிக்க நேரம் கிடைக்காது.

உங்கள் நிகழ்ச்சிக்கு ஒரே தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: பஸ்ஸர் எப்போது திறக்கிறது, விடை சொல்ல எத்தனை நொடி, தவறுக்குத் தண்டனை உண்டா, கலந்து பேசலாமா, சமன் ஆனால் என்ன. எந்த வரி நிரம்பவில்லையோ அதைத் தயாரிப்புக் குழுவிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். இது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

2. தகுதியும் விண்ணப்பமும்

முதலில் வயது, குடியுரிமை, வசிக்கும் நாடு ஆகிய மூன்றையும் பாருங்கள். ஒரு நாட்டின் சார்பில் நிற்க, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டுமா அல்லது அங்கே வசித்தால் போதுமா என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். வேறு வினாடி வினா நிகழ்ச்சியில் சமீபத்தில் பங்கேற்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பின்னால் தெரிந்தால் பரிசே கையை விட்டுப் போகலாம்.

பெரும்பாலும் ஆன்லைன் தேர்வுதான் முதல் வாசல். ‘ஜெப்பர்டி’யின் தேர்வில் 50 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடி. அதற்குள் படித்து, நினைவுக்குக் கொண்டுவந்து, தட்டச்சும் செய்ய வேண்டும். போனில் எழுதிய பலர் தட்டச்சு வேகத்தாலேயே விழுந்தார்கள். கம்ப்யூட்டரில் உட்காருங்கள், தானாக எழுத்தைத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள்.

பரிசுப் பணத்தின் வரி பற்றி இப்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டவரின் பரிசுப் பணத்துக்குப் பொதுவான பிடித்தம் 30 விழுக்காடு. இரு நாடுகளுக்கிடையே உள்ள வரி ஒப்பந்தம் அதை மாற்றக்கூடும். எந்த வகை விசா வேண்டும், அதற்கான அழைப்புக் கடிதம் தருவார்களா என்பதும் அதே மின்னஞ்சலில் போகட்டும்.

3. உங்கள் ஓட்டைகளைக் கணக்கெடுங்கள்

இப்போது படிப்பு. ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியாமல் படித்தால், ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி படிப்பீர்கள். அதில் சுகம் இருக்கிறது, பலன் இல்லை.

இதற்கு நல்ல சல்லடை, சர்வதேச வினாடி வினா சங்கம் 2003 முதல் நடத்திவரும் உலகச் சாம்பியன்ஷிப்பின் பிரிவுகள். 240 கேள்விகள், எட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு 30: பண்பாடு, பொழுதுபோக்கு, வரலாறு, வாழ்வியல், ஊடகம், அறிவியல், விளையாட்டு, உலகம். ஒவ்வொரு பிரிவிலும் 30 கேள்வியைத் திரட்டி, எழுத்துத் தேர்வுபோல எழுதிப் பாருங்கள்.

மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் குறியுங்கள்: தவறிய ஒவ்வொரு கேள்வியும் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது? நான் பார்த்த புதியவர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்த நாட்டு வரலாறும் அண்டை நாட்டு விளையாட்டும் தண்ணீர் பட்ட பாடு. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று வந்தால் தாள் வெறுமையாக இருக்கும். எதிரே நிற்பவருக்கும் இதே மாதிரி வேறொரு பக்கத்தில் ஓட்டை உண்டு. யார் முதலில் தன் ஓட்டையை அடைக்கிறார் என்பதே போட்டி.

பலவீனமான பிரிவில் ஆழமாகப் போகாதீர்கள். ஓபராவே தெரியாதவர் ஒரு மேதையின் முழு வாழ்க்கையையும் படிப்பதைவிட, இருபது ஓபராக்களின் பெயர், இசையமைப்பாளர், கதை நடக்கும் ஊர் என்று மேலோட்டமாகப் படித்தால் அதிகப் புள்ளி வரும். 2019ல் ‘ஜெப்பர்டி’யில் தொடர்ந்து 32 ஆட்டம் வென்ற ஜேம்ஸ் ஹோல்ட்சாவர் தனக்குப் பிடிக்காத துறைகளைச் சிறுவர் புத்தகங்களில் படித்தார். படமும் சிறு வாக்கியமுமாக இருப்பதால் சலிப்பு வராது, அடிப்படையும் விட்டுப்போகாது.

4. தெரிந்ததை நிகழ்ச்சியின் மொழிக்கு மாற்றுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஒரு பயிற்சியில் நான் ‘டபிள்யூ என்ற குறியீடு கொண்ட தனிமம் எது?’ என்று கேட்டேன். எதிரில் இருந்தவர் வேதியியல் படித்தவர். வாய் திறந்தது, மூடியது, நான்கு நொடி போனது. அவர் படித்த மொழியில் அது வோல்ஃப்ரம். ஆங்கிலத்தில் டங்ஸ்டன் என்பதை அவர் மனம் தேடிக்கொண்டிருந்தது. அறிவில் குறை இல்லை, பாதை நீளமாக இருந்தது.

ஜெர்மன் முதலான மொழிகளில் படித்தவருக்குச் சோடியம் நாட்ரியம், பொட்டாசியம் காலியம். தமிழில் படித்தவருக்கும் இதே சிக்கல் உண்டு. பாதரசமும் புதன் கோளும் ஆங்கிலத்தில் ஒரே சொல், மெர்குரி. நட்சத்திரங்கள் இன்னும் சுவையானவை: திருவாதிரை என்றால் பீட்டல்ஜூஸ், ரோகிணி என்றால் ஆல்டெபரான், சித்திரை என்றால் ஸ்பைகா, சுவாதி என்றால் ஆர்க்டூரஸ், கேட்டை என்றால் அன்டாரிஸ். ஏற்கெனவே உங்களிடம் உள்ள செல்வம் இது. நாணயத்தை மட்டும் மாற்ற வேண்டும்.

இடப்பெயர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். வியன்னாவை ஜெர்மன் மொழியில் வீன் என்பார்கள், ஹங்கேரியர் பேச் என்பார்கள். மியூனிக் நகரத்துக்கு இத்தாலியில் மோனாகோ என்றே பெயர், அதனால் இத்தாலியப் போட்டியாளருக்கு அந்தக் குட்டி நாடும் இந்த நகரமும் குழம்பும். பின்லாந்து தன்னைச் சுவோமி என்கிறது, அல்பேனியா ஷ்கிப்பெரி என்கிறது. தபால் தலை, நாணயம் பற்றிய கேள்விகளில் இந்தப் பெயர்கள் திடீரென்று வரும்.

பெயர் மாறிய நாடுகளைத் தேதியோடு எழுதுங்கள். சுவாசிலாந்து 2018ல் எஸ்வாட்டினி ஆனது. மாசிடோனியா 2019ல் வட மாசிடோனியா ஆனது. கசகஸ்தானின் தலைநகர் 2019ல் அஸ்தானாவிலிருந்து நூர்-சுல்தான் ஆகி, 2022ல் மறுபடி அஸ்தானா ஆகிவிட்டது. பழைய கேள்விப் புத்தகத்தை நம்பியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

எண்களிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஜெர்மனிலும் ஸ்பானிய மொழியிலும் அதே ஒலியுள்ள சொல் லட்சம் கோடியைக் குறிக்கும். மைல், கிலோமீட்டர், ஃபாரன்ஹீட், செல்சியஸ் மாற்றங்களை மனக்கணக்காகச் செய்து பழகுங்கள்.

கடைசியாக உச்சரிப்பு. பல நிகழ்ச்சிகளில் குடும்பப் பெயர் மட்டும் போதும். முழுப்பெயரையும் சொல்ல ஆசைப்பட்டு முதற்பெயரைத் தவறாகச் சொன்னால் சரியான விடை தவறாகிவிடும். கேட்டதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம்.

எழுதிக்காட்டும் சுற்றிலும் ஒலிதான் அளவுகோலாக இருக்கலாம். ‘ஜெப்பர்டி’யின் இறுதிக் கேள்வியில் எழுத்துப்பிழையை மன்னிப்பார்கள், ஆனால் பிழையால் உச்சரிப்பு மாறினால் மன்னிக்க மாட்டார்கள். 2013ல் சிறுவர்கள் வாரத்தில் ஒரு பையன் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் ஆங்கிலப் பெயரில் ஒரு ‘டி’ எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். விடை ஏற்கப்படவில்லை.

5. நினைவில் நிறுத்தும் முறை

படித்ததை மறுபடி வாசிப்பதால் நினைவு பலப்படாது. மறைத்து வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பலப்படும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று ஃபிளாஷ் கார்டு போடுங்கள். சரியாகச் சொன்னதை நாள் தள்ளிப் பாருங்கள், தவறியதை நாளைக்கே பாருங்கள். ‘ஆங்கி’ போன்ற செயலிகள் இந்த இடைவெளியைத் தாமாகவே கணக்கிடும்.

கார்டைத் தலைகீழாகவும் போடுங்கள். ‘பொலிவியாவின் அரசியலமைப்புத் தலைநகர்?’ என்று ஒன்று, ‘சுக்ரே எந்த நாட்டில்?’ என்று ஒன்று. ஒரு திசையில் மட்டும் பழகிய விடை மறுதிசையில் வராது.

அடுத்தவர் செய்த கார்டுக் கட்டை அப்படியே இறக்கிக்கொள்ளாதீர்கள். எழுதும்போதே பாதி மனதில் பதிகிறது. ஒரு நாளைக்கு 20 புதிய கார்டு போதும். 100 போட்டவர்கள் இரண்டாவது வாரத்தில் பழைய கார்டுகளின் குவியலுக்கு அடியில் மூச்சுத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

6. பஸ்ஸர்

அறிவுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்களோ, அதில் கால் பங்கையாவது விரலுக்குக் கொடுங்கள். பல நாடுகளின் சிறந்தவர்கள் கூடும் மேடையில், எளிய கேள்விக்கு விடை எல்லாருக்கும் தெரியும். அங்கே முடிவு செய்வது விரல்தான்.

‘ஜெப்பர்டி’யில் தொகுப்பாளர் கடைசி எழுத்தை வாசித்த பிறகே பஸ்ஸர் திறக்கும், பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். முந்தி அழுத்தினால் கால் நொடி பூட்டிவிடும். விளக்கைப் பார்த்து விரல் அசையவும் மனிதருக்கு ஏறக்குறைய அதே கால் நொடி பிடிக்கும். விளக்குக்காக மட்டும் காத்திருப்பவரை, தொகுப்பாளரின் மூச்சையும் கடைசிச் சொல்லையும் பழகி வைத்தவர் முந்திவிடுவார்.

பயிற்சி இப்படி. நின்றுகொண்டு செய்யுங்கள், போட்டியில் நிற்கத்தான் போகிறீர்கள். தடிமனான பால்பாயிண்ட் பேனா ஒன்றைக் கையில் பிடித்து, கட்டைவிரலை அதன் தலையில் வையுங்கள். பழைய எபிசோடை ஓடவிட்டு, கடைசி எழுத்து முடிந்த கணத்தில் ‘க்ளிக்’. முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்று கேள்வி வாசிக்கும் நண்பர் குறிக்கட்டும். முதல் நாள் பெரும்பாலும் முன்னால்தான் விழும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

கேள்வி திரையில் எழுத்தாகத் தெரியும் நிகழ்ச்சியானால், குரலுக்குக் காத்திராமல் கண்ணால் படித்து முடித்துவிடுங்கள். மிச்ச நொடிகளில் விடையைத் தேடலாம், குரல் முடிவதைக் கவனிக்கலாம். பழைய எபிசோடுகளில் சப்டைட்டில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அன்னிய உச்சரிப்பைக் காது பழகுவதற்குள் கண் புகுந்து வேலையைச் செய்துவிடும்.

தெரியாமல் அழுத்துவது தனிப் பிழை. தண்டனைப் புள்ளி உள்ள ஆட்டத்தில், ‘நுனி நாக்கில் இருக்கிறது’ என்பதை நம்பி அழுத்தாதீர்கள். ‘அந்தத் துறையில் எனக்கு வரும்’ என்ற அளவுக்காவது உறுதி வேண்டும்.

7. பந்தயம் வைக்கும் சுற்று இருந்தால்

இருக்கும் புள்ளியில் ஒரு பகுதியைப் பணயம் வைக்கும் நிகழ்ச்சிகளில், கணக்குத் தெரியாமல் போனவர் பாதி வழியில் வந்த வெற்றியைக் கொடுத்துவிட்டு வருவார். உதாரணம் பாருங்கள். நீங்கள் 14,000. இரண்டாமவர் 10,000. மூன்றாமவர் மிகவும் பின்னால்.

இரண்டாமவர் எல்லாவற்றையும் வைத்துச் சரியாகச் சொன்னால் 20,000 ஆவார். அதைத் தாண்ட நீங்கள் 6,001 வைக்க வேண்டும். சரியானால் 20,001, வெற்றி. தவறினால் 7,999.

இப்போது இரண்டாமவர் இடத்தில் நின்று பாருங்கள். முன்னிலையில் உள்ளவர் சரியாகச் சொன்னால் எப்படியும் தோல்விதான். அவர் தவறினால் 7,999க்கு இறங்குவார். ஆகவே 2,000க்கு மேல் வைக்கத் தேவையில்லை, தானும் தவறினால்கூட 8,000 கையில் நிற்கும். புதியவர்கள் இந்த இடத்தில் ஆவேசப்பட்டு முழுவதையும் வைத்து, இருவரும் தவறிய ஆட்டத்தில் வெறுங்கையோடு போகிறார்கள்.

இரண்டாமவரைப் போல இரு மடங்குக்கும் மேல் உங்களிடம் இருந்தால், தவறினாலும் அந்த இரு மடங்குக்கு மேலேயே நிற்கும்படி பந்தயம் வையுங்கள். அவ்வளவுதான்.

பிரிவின் தலைப்பையும் படியுங்கள். 2011ல் ‘ஜெப்பர்டி’யில் ஆடிய ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் கணினி ‘அமெரிக்க நகரங்கள்’ என்ற தலைப்பின் கீழ் வந்த கேள்விக்கு டொரண்டோ என்றது. சரியான விடை சிகாகோ. 947 டாலர் மட்டுமே வைத்திருந்ததால் அதற்குப் பெரிய சேதமில்லை. உங்கள் பந்தயமும் உங்கள் உறுதியின் அளவைப் பார்த்து அமையட்டும்.

8. அணியாக ஆடுவதென்றால்

நாட்டுக்கு ஓர் அணி என்ற அமைப்பில், துறை பிரிப்பது எல்லாரும் செய்கிறார்கள். சண்டை வரும்போது யார் முடிவு செய்வது என்பதைப் பேசி வைப்பதில்லை. ரஷ்ய ‘என்ன? எங்கே? எப்போது?’ நிகழ்ச்சியில் ஆறு பேர் ஒரு நிமிடம் விவாதிப்பார்கள், யார் விடை சொல்வது என்பதைத் தலைவர் முடிவு செய்வார். அந்தத் தலைவர் எல்லாரையும்விட அதிகம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. தயங்கிச் சொல்லப்பட்ட சரியான விடைக்கும் உரக்கச் சொல்லப்பட்ட தவறான விடைக்கும் வித்தியாசம் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பயிற்சியில் விடையோடு உறுதியையும் சொல்லப் பழகுங்கள்: ‘பெரு, முழு உறுதி’, ‘சிலி, ஊகம்’. இரண்டு சொல்லில் முடிந்துவிடும், வாக்குவாதத்துக்கு இடமில்லை.

9. பயணமும் படப்பிடிப்பு நாளும்

நேர வேறுபாடு பெரிதாக இருந்தால் முடிந்தவரை முன்கூட்டியே போய்ச் சேருங்கள். உடல் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேர வித்தியாசத்தைத்தான் சரிக்கட்டும், கிழக்கு நோக்கிய பயணத்தில் இன்னும் மெதுவாக. ஐந்து மணி நேர வேறுபாட்டில் முந்தின நாள் இரவு இறங்கியவரின் பஸ்ஸர் விரல் தூங்கிக்கொண்டிருக்கும்.

கேமராவில் அலையடிக்கும் நெருக்கமான கோடு, கட்டம் போட்ட துணி வேண்டாம். மைக்கில் கிணுகிணுக்கும் வளையல் வேண்டாம். ஒரே நாளில் பல எபிசோடு எடுப்பார்கள். ‘ஜெப்பர்டி’யில் நாளைக்கு ஐந்து. வென்றால் அடுத்ததற்கு உடை மாற்ற வேண்டும், எனவே இரண்டு மூன்று உடை கொண்டுபோங்கள்.

ஸ்டூடியோவில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கேள்வி எழுதியவர்கள் பக்கம் விட மாட்டார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1950களின் இறுதியில் வெடித்த மோசடிகளுக்குப் பிறகு, முன்கூட்டியே விடை கொடுத்து வினாடி வினாவின் முடிவை ஏமாற்றித் தீர்மானிப்பதை அமெரிக்கா 1960ல் சட்டப்படி குற்றமாக்கியது. எழுதுபவருக்கும் ஆடுபவருக்கும் நடுவே சுவர் வைப்பது உங்கள் வெற்றியையும் காக்கிறது.

ஒத்திகையில் பஸ்ஸரைக் கேட்டு வாங்கி நிறைய அழுத்திப் பாருங்கள். பொத்தான் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது பேனாவில் தெரியாது. உயரம் குறைந்தவர் மேடைப் பலகை கேட்கலாம், தருவார்கள்.

10. தீர்ப்பில் சந்தேகம் வந்தால்

உங்கள் மொழியில் சரியான பெயரைச் சொல்லி, நடுவர் தவறு என்றுவிட்டால், அடுத்த இடைவேளையிலேயே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். எபிசோடு முடிந்த பிறகு சொன்னால் புள்ளியைத் திருத்துவது கடினம். ‘நான் சொன்னது இன்ன சொல், இன்ன மொழியில் அதற்கு இதே பொருள்’ என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். அவர்கள் சரிபார்க்கும் வரை அந்தக் கேள்வியை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அதையே நினைத்துக்கொண்டு அடுத்த மூன்று கேள்வியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பிறகு அந்த ஒரு புள்ளி திரும்பக் கிடைத்தும் பயனில்லாமல் போனது.

ஒளிபரப்பாகும் வரை முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்குவார்கள், அது சில மாதங்கள்கூட இருக்கலாம். வீட்டில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று விமானத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அன்றிரவே, மறப்பதற்குள், தவறவிட்ட ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதுங்கள்: விடை தெரியாமல் போனதா, பெயர் வாயில் வரவில்லையா, விரல் பிந்தியதா. அடுத்த முறைக்கான பாடத்திட்டம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.